அந்த ஐந்து நொடிகள்: இரத்த அழுத்தம் சரியும்போது மூளைக்கு என்ன நேர்கிறது?

தமிழில் ‘மயக்கம்’ என்பது பழைய சொல். தொல்காப்பியத்தில் எழுத்துகள் ஒன்றோடொன்று கூடுவது மெய்ம்மயக்கம். ஒரு வேற்றுமையின் இடத்தில் மற்றொன்று வருவதைப் பேசும் இயல் வேற்றுமை மயங்கியல். கலத்தல், தெளிவின்மை, நிலை மாறுதல் ஆகிய மூன்று பொருள்களும் அச்சொல்லில் உண்டு. இன்று அது பெரும்பாலும் மருத்துவமனை வாசலில் கேட்கும் சொல். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தை ஒட்டி ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் உள்ளது. நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் அங்கே செல்லும் நோயாளிகள் பலர். மலையாளத்திலும் மயக்கம் மயக்கமே என்பதால் இந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது என்பதைப் பிரித்தறிவதுதான் கடினம். தலை சுற்றியதா, கண் இருட்டியதா, நினைவு தப்பியதா, கால் தளர்ந்ததா? நான்கையும் மக்கள் மயக்கம் என்றே சொல்கிறார்கள்.

மருத்துவர் முதலில் செய்வது கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்ப்பது. எண் குறைந்திருந்தால், “பிரஷர் குறைந்துவிட்டது, அதனால்தான் மயக்கம்” என்று எல்லோரும் ஒப்புக்கொள்வர். இந்த விளக்கத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. அளக்கப்பட்டது கையின் அழுத்தம், மயங்கியது மூளை. கையில் அழுத்தம் குறைந்தபோது மூளைக்குச் செல்லும் குருதியும் குறைந்ததா? குறைந்தது என்றால் எவ்வளவு நேரத்துக்கு? இந்தக் கேள்விக்கு விடை காண மனிதர்களுக்கு ஏறத்தாழ 200 ஆண்டுகள் தேவைப்பட்டன. அந்த வரலாற்றின் இறுதிப் பகுதியில் ஒலி ஒரு கருவியாக வருகிறது.

1. மூடிய பெட்டி

1783இல் எடின்பரோவின் உடற்கூற்றியல் பேராசிரியர் அலெக்சாண்டர் மன்றோ ஓர் எளிய வாதத்தை முன்வைத்தார். மண்டையோடு விரியாத பெட்டி. மூளைத் திசு அமுங்காது. ஆகவே உள்ளிருக்கும் குருதியின் அளவு பெரிதாக மாற முடியாது. 1824இல் ஜார்ஜ் கெல்லி பிணக்கூறாய்வுகளின் துணையோடு இதனை வலியுறுத்தினார். மூளையைச் சூழ்ந்த நீரையும் கணக்கில் சேர்த்து, இன்றும் இது ‘மன்றோ–கெல்லி கோட்பாடு’ என்ற பெயரில் பாடநூல்களில் இருக்கிறது. உள்ளிருக்கும் குருதியின் கொள்ளளவு மாறாது என்பது ஒன்று; அதன் வழியே ஒரு நிமிடத்தில் ஓடும் குருதியின் அளவு மாறாது என்பது வேறொன்று. இவ்விரண்டும் நெடுங்காலம் குழப்பப்பட்டே வந்தன.

பெட்டிக்குள் பார்ப்பதற்கு முதலில் கிடைத்த வாய்ப்புகள் விபத்துகளே. இத்தாலியின் தூரின் நகரில் ஆஞ்செலோ மொசோ, தலையில் செங்கல் விழுந்து மண்டையோட்டில் துளை ஏற்பட்ட பெர்த்தினோ என்னும் உழவரை ஆராய்ந்தார். அத்துளையின் வழியே மூளையின் துடிப்பு தெரிந்தது. நண்பகலில் தேவாலய மணி ஒலித்தபோது மூளைத் துடிப்பு உயர்ந்தது; கையின் துடிப்பு அவ்வாறு மாறவில்லை. அந்நேரத்தில் சொல்ல வேண்டிய செபம் நினைவுக்கு வந்ததா என்று மொசோ கேட்டார். ஆம் என்றார் அவர். மூளையின் குருதியோட்டம் உடலின் மற்ற பகுதிகளிலிருந்து தனித்தும் மாறக்கூடும் என்பதற்கு அது ஒரு தொடக்கச் சான்று.

1890இல் கேம்பிரிட்ஜில் சார்லஸ் ராயும் சார்லஸ் ஷெரிங்டனும் ஒரு படி மேலே சென்றனர். மூளை தன் வேலைக்கேற்பத் தன் குருதியைத் தானே வரவழைத்துக்கொள்கிறது, வேதிப்பொருள்களே அதற்கான அடையாளம் என்று விலங்கு ஆய்வுகளின் அடிப்படையில் எழுதினர். அடுத்த சில ஆண்டுகளிலேயே இலண்டனில் லெனார்ட் ஹில் இதனை மறுத்தார். மூளையின் குழாய்களுக்குத் தம் விருப்பம் என ஒன்றில்லை. உடலின் அழுத்தம் உயர்ந்தால் ஓட்டம் உயரும், தாழ்ந்தால் தாழும் என்றார் அவர். 1896இல் வெளிவந்த அவரது நூலின் செல்வாக்கால் அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகள் உலகம் ஹில்லின் பக்கமே சாய்ந்திருந்தது. கை அழுத்தமே மூளையின் நிலையைச் சொல்லிவிடும் என்ற இன்றைய பொது நம்பிக்கையிலும் அந்தப் பழைய கருத்தின் சாயல் இருக்கிறது.

2. மடை திறக்கும் முறை

ஹில்லின் கருத்தை உடைத்தவர்களுள் முதன்மையானவர் டென்மார்க்கின் மோகன்ஸ் ஃபோக். 1930களில் அவர் பூனையின் மண்டையோட்டில் கண்ணாடிச் சாளரம் ஒன்று அமைத்து, மூளையின் மேற்பரப்பிலுள்ள நுண்தமனிகளை நுண்ணோக்கியில் பார்த்தார். உடலின் அழுத்தம் குறைந்தபோது அவை விரிந்தன. அழுத்தம் உயர்ந்தபோது சுருங்கின. குழாய்கள் வெறுமனே அழுத்தத்துக்கு ஆட்பட்டிருந்தால் நேர்மாறாக நடந்திருக்க வேண்டும். ஃபோக்கின் வாழ்க்கை ஆய்வகத்தோடு நிற்கவில்லை. நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்த டேனிஷ் இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவராகிக் கைதானார்; 1945 மார்ச் மாதம், கோபன்ஹேகனில் கெஸ்டாப்போ தலைமையகத்தைப் பிரித்தானிய விமானங்கள் தாக்கியபோது அங்கிருந்து உயிர்தப்பினார்.

அவர் கண்டதை நாஞ்சில் நாட்டு வயல்களைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். வாய்க்காலில் நீர்மட்டம் இறங்கினால் உழவர் மடையை அகலத் திறக்கிறார். மட்டம் ஏறினால் மடையைக் குறைக்கிறார். வயலுக்குப் பாயும் நீர் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கும். மூளையின் நுண்தமனிகளே மடைகள். இந்த ஏற்பாட்டைப் பிற்காலத்தில் ‘தன்னொழுங்கு’ என்று பொருள்படும் சொல்லால் அழைத்தனர்.

மனிதரிடம் இதனை அளக்கும் முதல் நம்பகமான முறை 1940களில் பிலடெல்பியாவில் பிறந்தது. சீமோர் கெட்டியும் கார்ல் ஷ்மிட்டும் தன்னார்வலர்களைச் சிறிதளவு நைட்ரஸ் ஆக்ஸைடு கலந்த காற்றைச் சுவாசிக்கச் செய்து, தமனியிலிருந்தும் கழுத்துச் சிரையிலிருந்தும் குருதி எடுத்து, வேறுபாட்டைக் கணக்கிட்டனர். 100 கிராம் மூளைத் திசுவுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 54 மில்லிலிட்டர் குருதி என்பது அவர்களது விடை. 1,400 கிராம் எடையுள்ள மூளைக்கு நிமிடத்துக்கு முக்கால் லிட்டர் அளவு வருகிறது. உடல் எடையில் 2 விழுக்காடே உள்ள உறுப்பு, உடல் நுகரும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைப் பெறுகிறது.

1959இல் டென்மார்க்கின் நீல்ஸ் லாசன் அதுவரை வெளிவந்த அளவீடுகளைத் திரட்டி ஒரு வளைகோடு வரைந்தார். கிடைக்கோட்டில் சராசரித் தமனி அழுத்தம். செங்குத்துக் கோட்டில் மூளையின் குருதியோட்டம். அழுத்தம் மிகவும் தாழும்வரை ஓட்டம் சமதளமாகச் செல்கிறது; பிறகு சரிகிறது. சமதளத்தின் கீழ் எல்லை 60 மி.மீ. பாதரசத்துக்கு அருகில் என்று பாடநூல்கள் எழுதின. 80/50 என்று கருவி காட்டினால் சராசரி அழுத்தம் ஏறத்தாழ 60. எனவே அதற்கு மேல் மூளைக்கு ஆபத்தில்லை என்ற விதி உலகெங்கும் அறுவை அரங்குகளுக்குள் நுழைந்தது.

அந்த வளைகோட்டில் ஒரு சிக்கல் இருந்தது. அது 7 ஆய்வுகளில் வந்த 11 குழுக்களின் சராசரிகளை இணைத்து வரையப்பட்டது. தாழ்ந்த அழுத்தத்தில் இருந்தவர்கள் ஒரு குழுவினர். இயல்பான அழுத்தத்தில் இருந்தவர்கள் வேறு குழுவினர். உயர்ந்த அழுத்தத்தில் இருந்தவர்கள் இன்னொரு குழுவினர். ஒரே மனிதரின் அழுத்தம் படிப்படியாக இறங்கும்போது என்ன நடக்கிறது என்பதை அந்தக் கோடு காட்டவில்லை. பலருடைய புள்ளிகளைச் சேர்த்த கோடு ஒவ்வொருவருக்குமான சட்டமாக வாசிக்கப்பட்டது. 1997இல் மயக்கவியல் மருத்துவர் ஜான் டிரம்மண்ட் கீழ் எல்லையை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று எழுதியது இதனால்தான்.

இன்னொரு குறை காலத்தைப் பற்றியது. கெட்டி–ஷ்மிட் முறை தருவது சுமார் 10 நிமிடத்தின் சராசரி. மயக்கமோ நொடிகளில் நடப்பது. 1943இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கழுத்தில் பட்டையை இறுக்கி மூளைக்கான ஓட்டத்தை முழுவதும் நிறுத்தியபோது 5 முதல் 10 நொடிக்குள் நினைவு தப்பியது. நலமான இளைஞர்களோடு மனநோயாளிகளையும் அதில் உட்படுத்தினார்கள். இன்று எந்த அறநெறிக் குழுவும் அதற்கு ஒப்புதல் தராது. நினைவு தப்ப ஏழெட்டு நொடி போதும் என்றால், 10 நிமிடச் சராசரியால் என்ன பயன்? வேகமான, உடலைத் துளைக்காத, ஒரே மனிதரை இடைவிடாது கவனிக்கும் கருவி வேண்டியிருந்தது.

3. விண்மீனிலிருந்து நெற்றிப்பொட்டுக்கு

கருவியின் வேர் வானியலில் இருந்தது. 1842 மே மாதம் பிராக் நகரில் கிறிஸ்டியன் டாப்ளர் இரட்டை விண்மீன்களின் நிறங்களைப் பற்றிய கட்டுரையை வாசித்தார். அலையை வெளியிடும் பொருள் நம்மை நோக்கி வந்தால் அலைவெண் கூடும்; விலகிச் சென்றால் குறையும். அதே ஆண்டுகளில் திருவனந்தபுரத்திலும் வானத்தை நோக்கிய தொலைநோக்கிகள் இருந்தன. சுவாதித் திருநாள் மகாராஜா 1837இல் தொடங்கிய வானியல் நோக்ககத்தில் ஜான் கால்டெகாட் பணியாற்றிக்கொண்டிருந்தார். அந்நகரில் ஒரு நாள் டாப்ளரின் பெயரைத் தலைக்குள் ஓடும் குருதியை அளப்பவர்கள் உச்சரிப்பார்கள் என்று யாரும் அன்று நினைத்திருக்க முடியாது. 1845இல் நெதர்லாந்தின் பாய்ஸ் பாலட், ஓடும் இரயிலில் எக்காளம் ஊதச் செய்து, டாப்ளரின் விதி ஒலிக்கும் பொருந்தும் என்று காட்டினார்.

ஒரு நூற்றாண்டு கழித்து ஜப்பானில் ஒசாகா பல்கலைக்கழகத்தின் ஷிகெயோ சதோமுரா இந்த விதியைக் குருதிக்குப் பொருத்தினார். மனிதச் செவிக்கு எட்டாத உயர் அலைவெண் கொண்ட ஒலியை உடலுக்குள் செலுத்தினால், அது ஓடும் குருதியணுக்களில் பட்டுத் திரும்பும். திரும்பும் ஒலியின் மாற்றத்திலிருந்து வேகத்தைக் கணக்கிடலாம். கழுத்துத் தமனிகளில் இது வேலை செய்தது. சதோமுரா 1960இல் இறந்தார்; அவரது முறை உலகெங்கும் பரவியது. ஆனால் கழுத்துக்கு மேலே எலும்பு நின்றது. மண்டையோடு மீயொலியை விழுங்கிவிடும் என்பதால், வளர்ந்த மனிதரின் மூளைத் தமனிகளை வெளியிலிருந்து அளக்க முடியாது என்றே கருதப்பட்டது.

1982இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரிலிருந்து ரூன் ஆஸ்லிட், தாமஸ்-மார்க் மார்க்வால்டர், ஹெல்கே நோர்னெஸ் ஆகிய மூவர் வெளியிட்ட கட்டுரை அந்தக் கருத்தை மாற்றியது. அவர்கள் செய்தவை இரண்டு. கழுத்துக்குப் பயன்படும் உயர் அலைவெண்ணை விட்டு 2 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கினார்கள். அலைவெண் குறையக் குறைய எலும்பு விழுங்குவதும் குறையும். காதுக்கு முன்னே, கன்ன எலும்புக்கு மேலே, எலும்பு மெலிந்திருக்கும் நெற்றிப்பொட்டுப் பகுதியைச் சாளரமாகக் கொண்டார்கள். அங்கிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் ஆழத்தில், மூளையின் ஒரு பாதிக்குச் செல்லும் குருதியின் பெரும்பகுதியைச் சுமக்கும் நடு மூளைத் தமனி ஒலித்தது. நலமான 50 பேரிடம் அதன் சராசரி வேகம் நொடிக்கு 62 சென்டிமீட்டர்.

இங்கே ஓர் இனிய தற்செயல் உண்டு. திசுவில் ஒலி நொடிக்கு 1,540 மீட்டர் செல்கிறது. 2 மெகாஹெர்ட்ஸ் ஒலி, நொடிக்கு 60 சென்டிமீட்டர் வேகத்தில் நேரெதிரே வரும் குருதியில் பட்டுத் திரும்பினால் அலைவெண் மாற்றம் ஏறத்தாழ 1,560 ஹெர்ட்ஸ். செலுத்திய ஒலி காதுக்குக் கேட்காது. மாற்றத்தின் அளவோ காதுக்கு நன்றாகக் கேட்கும் எல்லைக்குள் விழுகிறது. ஆகவே இக்கருவியை இயக்குபவர் திரையைப் பார்ப்பதோடு ஒலிபெருக்கியைக் கேட்டும் தமனியைத் தேடுகிறார். ஒவ்வோர் இதயத்துடிப்புக்கும் ஊதுவது போன்ற ஓர் இரைச்சல் எழுந்து அடங்கும்.

4. 1989: அழுத்தம் விழுகிறது

கருவி முதலில் பயன்பட்டது, மூளை உறையில் இரத்தக்கசிவு ஏற்பட்டவர்களிடம் தமனிகள் இறுகுவதைக் கண்டறிய. ஆனால் ஒவ்வொரு துடிப்பையும் காட்டும் கருவி கையில் வந்தபின் பழைய கேள்வி மீண்டும் எழுந்தது. அழுத்தம் திடீரென்று விழுந்தால், மடை எவ்வளவு விரைவில் திறக்கிறது?

1989இல் ஆஸ்லிட் குழுவினர் நலமான 10 பேரை வைத்து இதனைச் செய்தார்கள். இரு தொடைகளிலும் பெரிய பட்டைகளைக் கட்டி, காலுக்குக் குருதி செல்லாதபடி சில நிமிடங்கள் இறுக்கினார்கள். பிறகு சட்டென்று விடுவித்தார்கள். வறண்டிருந்த கால்களுக்குள் குருதி பாய, உடலின் அழுத்தம் ஓரிரு துடிப்புக்குள் ஏறத்தாழ 20 மி.மீ. சரிந்தது. மூளைத் தமனியின் வேகமும் அதே கணத்தில் சரிந்தது. இதுவரை ஹில் சரி. ஆனால் அடுத்த நொடியிலேயே வேகம் மீளத் தொடங்கியது. உடலின் அழுத்தம் இன்னும் கீழேயே கிடக்க, ஏறத்தாழ 5 நொடிக்குள் மூளையின் ஓட்டம் பழைய நிலைக்கு வந்துவிட்டது.

வேகமாக மூச்சு விட்டுக் குருதியில் கரியமில வாயுவைக் குறைத்துக்கொண்டபோது மீட்சி இன்னும் விரைவாயிற்று. அவ்வாயு கலந்த காற்றைச் சுவாசித்தபோது மந்தமாயிற்று. காரணம் தெளிவு. கரியமில வாயு மிகுந்தால் நுண்தமனிகள் ஏற்கெனவே விரிந்திருக்கும். திறந்த மடையை மேலும் திறக்க இடமில்லை.

படுக்கையிலிருந்து சட்டென எழும் ஒவ்வொருவரும் தினமும் இந்தச் சோதனையின் சிறு வடிவத்துக்கு உட்படுகிறார்கள். எழுந்ததும் அரை லிட்டர் அளவுக்குக் குருதி கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. அழுத்தம் சில நொடிகள் தாழ்கிறது. கண் ஒரு கணம் இருட்டித் தெளிகிறதே, அது மடை திறப்பதற்கு முந்தைய இடைவெளி.

நோயாளிக்குத் தொடைப்பட்டை துன்பம் தரும். ஆகவே 1990களில் வேறு வழி தேடினர். ஓய்வில் இருக்கும்போதும் இரத்த அழுத்தம் சிறு அலைகளாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். செக் நாட்டின் யான் பெனாஸ் 1973இல் முன்வைத்த நெறியின்படி, விரலில் மாட்டும் சிறு பட்டை ஒன்று அழுத்தத்தைத் துடிப்புக்குத் துடிப்பு பதிவுசெய்யும். அந்த அலைகளையும் மூளைத் தமனியின் வேக அலைகளையும் ஒப்பிட்டால், மெதுவான அலைகளை மூளை வடிகட்டிவிடுவதும் விரைவான அலைகள் அப்படியே உள்ளே செல்வதும் தெரிந்தன. மடை திறக்கச் சில நொடிகள் ஆகும் என்பதன் மறுபக்கம் இது. படுக்கையில் கிடக்கும் நோயாளியின் அழுத்தத்தைச் செயற்கையாக விழச்செய்யாமலே அவரது தன்னொழுங்கை மதிப்பிடும் வழி இதனால் பிறந்தது.

5. அரண்மனை தந்த கட்டடம்

1973இல் திருவிதாங்கூர் அரச குடும்பம் திருவனந்தபுரத்தில் பல மாடிக் கட்டடம் ஒன்றை மக்களுக்கும் கேரள அரசுக்கும் கொடையாக அளித்தது. 1976இல் பி.என். ஹக்சர் அங்கே ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ மையத்தைத் தொடங்கிவைத்தார். இதய அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தான் அதன் முதல் இயக்குநர். ரீஜண்டாக ஆண்ட சேது இலட்சுமி பாயியின் பூஜப்புரை அரண்மனை உயிரிமருத்துவப் பொறியியல் பிரிவாயிற்று. 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட சித்ரா இதய வால்வு அங்கே உருவானது.

அந்நிறுவனம் எல்லா நோய்களுக்குமான மருத்துவமனையாக அமையவில்லை. இதயத்தையும் மூளையையும் தன் முதன்மைத் துறைகளாகக் கொண்டது. இந்தச் சேர்க்கை நம் பொருளோடு நேரடியாகத் தொடர்புடையது. இதயத்தைத் திறந்து அறுவை செய்யும்போது குருதியை ஓட்டுவது இயந்திரம். அழுத்தத்தை எவ்வளவில் வைப்பது என்பது மனிதர் எடுக்கும் முடிவு. எண் எதுவாயினும் அதன் விளைவைத் தாங்குவது மூளை. கபாலம் ஊடுருவும் டாப்ளர் போன்ற கருவிக்கு இத்தகைய இடங்களில்தான் தேவை மிகுதி.

தேவையின் அளவை ஒரு கணக்கெடுப்பு காட்டியது. 2005இல் திருவனந்தபுரம் பக்கவாதப் பதிவேடு, நகரிலும் அதை அடுத்த ஊர்ப்புறங்களிலும் 9 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களிடையே, ஆறு மாத காலத்தில் நேர்ந்த பக்கவாதங்களைத் தேடிப் பதிவுசெய்தது. மொத்தம் 541. வயதுக்கேற்பச் சீர்செய்தால் ஆண்டுக்கு இலட்சம் பேருக்கு 135. நகரமும் ஊர்ப்புறமும் இதில் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் 28 நாளுக்குள் இறந்தவர்கள் நகரில் 24.5 விழுக்காடு, ஊர்ப்புறத்தில் 37.1 விழுக்காடு. நோய் சமமாக வந்தது. சாவு சமமாக வரவில்லை. 2009இல் இம்முடிவுகள் வெளியாயின. பக்கவாதத்துக்கு இட்டுச்செல்லும் காரணங்களில் உயர் இரத்த அழுத்தம் முன்னணியில் நின்றது.

6. மாறிப்போன எல்லை

லாசனின் வளைகோட்டுக்கு மிகப் பெரிய திருத்தம் உயர் இரத்த அழுத்தத்திலிருந்து வந்தது. திருத்தியவர்களுள் லாசனும் ஒருவர். 1973இல் ஸ்வென் ஸ்ட்ராண்ட்கார்டும் லாசன் உள்ளிட்டோரும், 1976இல் ஸ்ட்ராண்ட்கார்டு தனித்தும் வெளியிட்ட ஆய்வுகளில் ஒரே மனிதரின் அழுத்தத்தை மருந்தால் இறக்கி, ஓட்டம் எங்கே சரியத் தொடங்குகிறது என்று பார்த்தனர். இயல்பான அழுத்தமுள்ளவர்களிடம் அந்த எல்லை சராசரியாக 73 மி.மீ. கடுமையான உயர் அழுத்தத்துக்கு மருந்து எடுக்காதவர்களிடம் 113. மருந்தால் அழுத்தம் கட்டுக்குள் வந்தவர்களிடம் 96.

இவை சராசரி அழுத்தங்கள். வழக்கமான இரட்டை எண்களில் சொன்னால் இவ்வாறு வரும்: முதல் குழுவினருக்கு ஏறத்தாழ 100/60இல் எல்லை, மருந்தில்லாத குழுவினருக்கு 150/95. அதாவது, பக்கத்து வீட்டுக்காரருக்கு ‘இன்னும் கொஞ்சம் குறைய வேண்டும்’ என்று தோன்றும் எண்ணிலேயே, நீண்ட காலம் கவனிக்கப்படாத உயர் அழுத்தமுள்ள ஒருவரின் மூளை தன் மடைகளை முழுவதும் திறந்துவிட்டிருக்கக் கூடும். ஆண்டுக்கணக்கில் உயர்ந்த அழுத்தத்தைத் தாங்கிய தமனிகளின் சுவர் தடித்திருக்கும். அவை விரிய வேண்டிய அளவுக்கு விரியமாட்டா.

இதனை மாத்திரைக்கு எதிரான வாதமாகப் படிப்பது பெருந்தவறு. மூன்றாவது எண்ணைப் பார்க்க வேண்டும். மருந்து எடுத்தவர்களின் எல்லை 113இலிருந்து இயல்பை நோக்கி இறங்கியிருந்தது. ஒழுங்காகத் தொடரும் மருந்து அழுத்தத்தைக் குறைப்பதோடு, குறைந்த அழுத்தத்தைத் தாங்கும் திறனையும் மூளைக்குத் திருப்பித் தரக்கூடும் என்பதே அதன் பொருள். ஆபத்து மருந்தில் இல்லை. பல ஆண்டு உயர்ந்திருந்ததை ஒரே நாளில் தள்ளி வீழ்த்துவதில் இருக்கிறது.

பக்கவாதம் வந்த முதல் நாளில் இது இன்னும் கூர்மையாகிறது. பாதிக்கப்பட்ட பகுதியில் தன்னொழுங்கு செயலிழந்துவிடுவதால், அங்கே மட்டும் ஹில் சொன்னதே நடக்கிறது: அழுத்தம் எவ்வழியோ ஓட்டமும் அவ்வழி. குருதிக்கட்டியால் வந்த பக்கவாதத்தில், கட்டியைக் கரைக்கும் ஊசி போடாத நிலையில், அழுத்தம் 220/120ஐத் தாண்டாதவரை உடனே குறைக்க முனைவதில்லை என்ற நடைமுறை உலகெங்கும் உருவானது இதனால்தான். வீட்டார் 190 என்ற எண்ணைக் கண்டு பதறுவர், மருத்துவர் காத்திருப்பார். அந்தக் காத்திருப்புக்குப் பின்னே பூனையின் மண்டையோட்டுச் சாளரத்திலிருந்து தொடங்கும் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

7. கருவி சொல்லாதது

மீயொலிக் கருவிக்கும் எல்லைகள் உண்டு. அது அளப்பது குருதியின் வேகத்தை, அளவை அன்று. தமனியின் விட்டம் மாறாதிருந்தால்தான் வேகத்தின் மாற்றம் ஓட்டத்தின் மாற்றத்தைக் குறிக்கும். விட்டம் பெரும்பாலும் மாறுவதில்லை என்ற எடுகோளின் மேல்தான் இந்தத் துறை நிற்கிறது. தமனி இறுகிய நோயாளியிடம் அது பொய்க்கும், குருதி குறைந்தபோதும் வேகம் கூடிக் காட்டும். மேலும், ஒலிக்கற்றை தமனியைச் சந்திக்கும் கோணம் சாய்ந்தால் எண் குறையும். 30 பாகைச் சாய்வில் ஏறத்தாழ 13 விழுக்காடு. பத்தில் ஒருவருக்காவது நெற்றிப்பொட்டு எலும்பு தடித்திருப்பதால் சாளரமே திறப்பதில்லை. முதிய பெண்களிடம் இது மிகுதி. மயங்கி விழும் ஆபத்தும் பக்கவாத ஆபத்தும் மிகுந்த வயதினரிடமே கருவி அடிக்கடி தோற்கிறது.

இருந்தும் அது செய்த பணி பெரிது. அதற்கு முன் ஒருவருக்கு எவ்வளவு அழுத்தம் போதும் என்ற கேள்விக்கு, பிறருடைய சராசரிகளால் ஆன ஒரு கோடு விடை சொன்னது. அதற்குப் பின், படுக்கையில் இருக்கும் அந்த ஒருவரிடமே கேட்க முடிந்தது. 1959இன் கோட்டுக்கும் 1989இன் ஐந்து நொடிக்கும் இடையே நடந்த உண்மையான மாற்றம் இதுதான்.

பெரிய நிறுவனங்களுக்கு வெளியே, நெய்யாற்றின்கரையிலோ களியக்காவிளையிலோ ஒரு சிறிய மருத்துவமனையில் இந்தக் கருவி இருக்க வேண்டும் என்பதில்லை. அங்கே இருப்பது கைப்பட்டையும் நோயாளியின் சொல்லும். ஆனால் வரலாறு கற்பித்ததை அங்கேயும் பயன்படுத்தலாம். 110/70 என்பது இயல்பான எண் என்று எழுதி முடிப்பதற்கு முன், இவருக்குப் போன மாதம் எவ்வளவு இருந்தது என்று கேட்கலாம். படுத்திருக்கும்போது ஒரு முறையும், எழுந்து நின்ற பின் ஒரு முறையும் அளக்கலாம். ‘மயக்கம்’ என்று அவர் சொல்லும்போது, எப்போது, எழுந்தவுடனா, எத்தனை நொடி, கண் இருட்டியதா, பேச்சு குழறியதா என்று பிரித்துக் கேட்கலாம். எழுந்தவுடன் வந்து சில நொடியில் தெளிந்த இருட்டு ஒன்று. ஒரு பக்கக் கையும் வாயும் கோணிய மயக்கம் வேறு. முதலாவதற்கு மெதுவாக எழுவதும் மருந்தின் அளவை மருத்துவரிடம் கேட்பதும் போதுமாயிருக்கலாம். இரண்டாவதற்கு ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. இரண்டுக்கும் நம் பேச்சில் ஒரே சொல்தான் இருக்கிறது.